ஏழாவது குழாய்

சிறுநீரக நோய் ஆய்வுக்கு வந்த பத்துக் குழாய்களில் ஒன்று அவளுடைய தம்பியின் இரத்தத்திலிருந்து வந்தது. எது என்று அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் விதி. பெயர்கள் மருத்துவரிடம் இருந்தன. அவள் வேலை செய்த ஆய்வுக்கூடத்துக்கு எண்கள் மட்டுமே வந்தன. சிறுநீரகம் கெட்டு அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி இன்னொரு துளி கேட்க முடியாது.

"அவரோடது வீணாப் போயிடாதுல்ல அண்ணி?" என்று தம்பி மனைவி காலையில் கேட்டிருந்தாள்.

இரத்தத்தில் இருந்த புரதங்களைத் துண்டுகளாக நறுக்கியாயிற்று. துண்டுகளை எடைபோடும் கருவியின் குணம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆகவே பத்துப் பேருடையதையும் ஒன்றாகக் கலந்துதான் அதற்குக் கொடுக்க வேண்டும். கலந்தபின் எது யாருடையது? அதற்காகவே ஒவ்வொரு குழாயிலும் ஓர் அடையாளப் பொருளைச் சேர்ப்பார்கள். பத்து வகை, பத்தும் ஒரே எடை. துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். கருவிக்குள் உடையும்போது மட்டும் ஒவ்வொன்றும் வெவ்வேறு எடையுள்ள துணுக்கை உதிர்த்து, ஆளைக் காட்டிக் கொடுக்கும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் அந்தத் துணுக்குதான். அடையாளம் ஏறாததைக் கலந்துவிட்டால் அன்னமும் கைவிரித்துவிடும்.

அதனால் கலப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் துளி எடுத்துச் சோதித்தாள்.

"ஏழுல ஏறவே இல்லண்ணே."

கருவியைப் பார்த்துக்கொள்பவர் திரையை எட்டிப் பார்த்தார். எதைக் கொடுத்தாலும் குற்றம் கண்டுபிடிப்பதால் அந்தக் கருவிக்கு மாமியார் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

ஏழாவது மட்டும் வேறொரு கூடத்தில் நறுக்கப்பட்டு, டிரிஸ் என்ற கரைசலில் வந்திருந்தது. கழுவித்தான் அனுப்பியிருப்பார்கள் என்று அவள் நம்பிவிட்டாள். துண்டுகளில் அடையாளம் பற்றிக்கொள்ளும் அதே பிடி டிரிஸிலும் உண்டு. விருந்தாளிக்கு வடித்த சோற்றை வாசலில் நின்ற கூட்டமே தின்று தீர்த்த கதை.

"ஒன்னு போனாப் போகட்டும்மா. மாமியார் இன்னிக்குத்தான் நல்ல மூட்ல இருக்கா. முறையை விட்டா அடுத்தது எப்பவோ."

"அந்த ஒன்னு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உன் தம்பியோடதா இல்லாமலும் இருக்கலாமே?"

"அப்ப வேற யாரோட தம்பியோ."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்துக் குழுவைத் தொலைபேசியில் அழைத்தார். "நீங்க முதல்ல வாங்கப்பா. எங்க வீட்டுல இன்னும் உலை கொதிக்கல."

மற்ற ஒன்பதையும் உறைபெட்டியில் வைத்தாள். ஏழாவதில் எஞ்சியிருந்ததை எடுத்துச் சிறிய வடிகுழலில் ஊற்றினாள். துண்டுகள் உள்ளே ஒட்டிக்கொள்ள, டிரிஸ் நீரோடு ஓடிற்று. பிறகு துண்டுகளைக் கரைத்து இறக்கினாள்.

அந்த வகை அடையாளம் ஒரே ஒரு புட்டிதான் மிச்சம். குளிரிலிருந்து எடுத்த கையோடு திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து அடையாளப் பொருளைக் கெடுத்துவிடும். கை துறுதுறுத்தது. புட்டியின் மேல் பூத்த பனி தானாக மறையும்வரை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் திறந்து ஏழாவதில் சேர்த்தாள்.

மறுநாள் சோதனையில் அடையாளம் முழுதாக ஏறியிருந்தது. பத்தையும் ஒரே குழாயில் கலந்தாள். ஏழாவதைக் கடைசியாக விட்டாள்.

வெளியே வந்து தம்பி மனைவியை அழைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. அவரோடது நல்லா இருக்கா?"

"பத்தும் நல்லா இருக்கும்மா," என்றாள்.