பிறந்தநாளன்று பயணத்தில்

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு மர்யுத் போன் பண்ணினாள். ஊர் மன்றத்துச் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறவள். எடுத்த எடுப்பிலேயே கத்தினாள்.

"ஏய் ஹில்க்கா, ஊர்ல எல்லாரும் செத்துட்டாங்களா? அறுபது கப் கழுவி வச்சிருக்கேன். ஒரு மணிக்குக் காபின்னாரு மனுசன். ஒரு ஈ காக்கா வரல. ஆர்வோ கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கிட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. பாக்கச் சகிக்கல."

"பேப்பர்ல போட்டேனேடி."

"என்னத்தப் போட்டேன்னு எடுத்துப் பாரு. நான் உன் பேப்பரைப் படிக்கிறதில்ல."

எடுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை இதழ், ஏழாம் பக்கம், என் கையால் நான் வைத்த விளம்பரம்.

'ஆர்வோ கேர்னா, 80. பிறந்தநாளன்று பயணத்தில்.'

இன்னொரு முறை படித்தேன். எழுத்து மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் ஐம்பது, அறுபது, எண்பது என்று வயசு வந்தால் பேப்பரில் போட்டாக வேண்டும். ஒன்று, காபி உண்டு, தனி அழைப்பு கிடையாது, எல்லோரும் வாங்க என்று போடுவார்கள். இல்லையென்றால் 'பயணத்தில்'. அதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டு எங்கோ போகிறார் என்று அர்த்தமில்லை. வீட்டில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், யாரும் கதவைத் தட்டாதீர்கள் என்று அர்த்தம். எங்கள் ஜனங்கள் அதை வேதவாக்காக மதிப்பார்கள். அன்றைக்கு அந்த ஆளைக் கடையில் நேருக்கு நேர் பார்த்தால்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

'ஏரிக்கரைச் செய்தி'யில் எனக்கு முப்பத்தொரு வருஷம். முன்பு வாரம் மூன்று நாள் வந்த பேப்பர், இப்போது வியாழன் மட்டும். பிழை பார்க்கிறவரைப் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்தா, விளம்பரம், பிழை பார்ப்பது எல்லாம் என் தலையில். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான்.

முந்தின வாரம் ஆர்வோ போனில்தான் வாசகம் சொன்னார்.

"எழுதிக்கம்மா. 'மன்றத்தில் சனிக்கிழமை ஒரு மணிக்குக் காபி. எல்லோரும் வரலாம், அந்தக் கரையிலிருந்தும். சாவி பழைய ஆணியில்.'"

"சாவியா? பிறந்தநாள் விளம்பரத்துல சாவி எதுக்கு?"

"சொன்னத எழுது. உன்னை யாரு விளக்கம் கேட்டா?"

அப்புறம் அவரே சொன்னார். ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கிறது அவர் தம்பி ஏலிஸ். அப்பா செத்ததும், தம்பி நுழையக் கூடாதென்று ஆர்வோ படகுக் கொட்டகைக்குப் பூட்டை மாற்றிவிட்டார். பழைய ஆணியில் தொங்கின சாவியையும் எடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அந்த ஆணியில் இந்த வாரம்தான் புதுப் பூட்டின் சாவியை மாட்டினாராம். இப்போது ஏலிஸை அவர் மகன் திங்கட்கிழமை சுவீடனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான், அங்கே முதியோர் இல்லத்தில் சேர்க்க.

"போனா திரும்பி வரமாட்டான்மா. சனிக்கிழமை வந்தா உண்டு. இல்லேன்னா எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான்."

"அவருக்கே ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்களேன், ஆர்வோ."

"என்னன்னு பேசறது? வாய் வராது. அவன் பேப்பர் படிப்பான், கடைசி வரி வரைக்கும் படிப்பான். எனக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கட்டம் கட்ட வசதியாக இருக்குமே என்று, பத்து வருஷத்துக்கு முந்தைய அவருடைய எழுபதாம் பிறந்தநாள் விளம்பரத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். எழுபதை எண்பதாக்கினேன். வாசகத்தை மாற்றப் போகும்போது ஆசிரியர் பெத்ரி உள்ளே இருந்து கத்தினான்.

"ஹில்க்கா, சூப்பர் மார்க்கெட் வாசல்ல கடமான் நிக்குதாம்! உடனே நெட்ல ஏத்து, மத்தவன் போடறதுக்குள்ள!"

சேமித்துவிட்டு ஓடினேன். அந்த நாசமாய்ப் போன மானை நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அது வண்டி நிறுத்துமிடத்தில் சும்மா நின்றது, அப்புறம் காட்டுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான் செய்தி. பழைய வாசகம் அப்படியே அச்சுக்குப் போனது.

பெத்ரிக்குப் போன் பண்ணினேன்.

"திருத்தம் அடுத்த வியாழக்கிழமை போட்டுடலாம். இப்ப வேணா நெட்ல ஒரு வரி போடறேன்."

"அந்த வயசுல ஏலிஸ் நெட்டைப் பாப்பாரா? அதுக்கும் சந்தா கட்டி உள்ள போகணும். வியாழக்கிழமை அந்தாளு சுவீடன்ல இருப்பாரு. வைடா போனை!"

ஏலிஸ் வீட்டுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காரை எடுத்தேன். ஏரிக்குக் குறுக்கே போனால் மூன்று கிலோமீட்டர். ஆனால் ஏப்ரல் மாசம். பனிக்கட்டி ஆளைத் தாங்காது, படகும் போகாது. சுற்றிக்கொண்டு முப்பத்தெட்டுக் கிலோமீட்டர், அதில் பாதி சேறு. கடவுளே, அந்தக் கிழவர் வீட்டில் இருக்கட்டும், தோட்டத்தில் இருக்கட்டும், காது கேட்காமல் இருக்கட்டும் என்று புலம்பிக்கொண்டே ஓட்டினேன்.

வீடு பூட்டியிருந்தது. ஜன்னலில் திரைகூட இல்லை, கழற்றிவிட்டார்கள். படியில் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர். மேலே இருந்தது வியாழக்கிழமை இதழ். ஏழாம் பக்கத்தில் கத்தரிக்கோலால் வெட்டின சதுர ஓட்டை.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை ஏலிஸ் எனக்குப் போன் பண்ணியிருந்தார். "பேப்பரை நிறுத்திடும்மா. அதுல எனக்கு இனிமே ஒண்ணுமில்ல." சுவீடன் போகிறாரே, அதனால்தான் என்று நினைத்து, சரி என்று சொல்லிவிட்டேன். ஏதாவது என்றால் கூப்பிட மகன் கிம்மோவின் எண்ணைக் கொடுத்திருந்தார். நல்லவேளை, அது என் போனிலேயே இருந்தது.

கிம்மோ எடுத்தான். "யாரு? வண்டி ஓட்டிட்டிருக்கேன். தாம்பெரே நகரத்துக்கே வந்துட்டோம். ராத்திரிக் கப்பலுக்குப் போகணும்."

"திங்கக்கிழமைன்னுதானே சொன்னாங்க?"

"அப்பாதான் வியாழக்கிழமை போன் பண்ணி, இங்க இருந்து என்ன ஆகப்போகுது, உடனே வந்து கூட்டிட்டுப் போன்னாரு. யாருங்க நீங்க?"

"பேப்பர்காரி. அப்பாகிட்ட குடு தம்பி. ரெண்டே நிமிஷம், உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஏலிஸின் குரல் கேட்டது. "பேப்பரை நிறுத்தச் சொன்னேனே, ஹில்க்கா."

கொட்டித் தீர்த்தேன். தப்பு என்னுது, பழசையே போட்டுட்டேன், உங்க அண்ணன் அங்க காபி போட்டு வச்சுட்டு உக்காந்திருக்காரு, அந்தக் கரையிலிருந்தும் வரலாம்னு சொன்னாரு.

அவர் நிதானமாகப் பேசினார். "பத்து வருஷத்துக்கு முன்னாடி, வர்றேன்னு ஆள் மூலமா சொல்லி விட்டேன். மறுநாளே பேப்பர்ல பயணம்னு போட்டான். பிறந்தநாள் அன்னிக்கு இந்தக் கரையில நின்னு பாத்தேன். அவன் வீட்டுப் புகைபோக்கில புகை போய்க்கிட்டிருந்துச்சு. அந்தத் துண்டையும் வெட்டி வச்சிருக்கேன். இப்ப ரெண்டையும் ஒத்துப் பாத்தேன். வயசைத் தவிர ஒரு எழுத்து மாறல."

"அதான் சொல்றேன், அதையே நான்தான்..."

"திருத்தம் எப்ப வரும்?"

"வியாழக்கிழமை."

"வரட்டும். அச்சுல பாத்தா நம்பறேன். நீ நல்ல மனசுக்காரி. பாவமேன்னு இட்டுக்கட்டிச் சொல்ற."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. சாவியைச் சொல்லவே இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். காரில் கிடந்த குறிப்பேட்டைத் திறந்து, ஆர்வோ சொன்னதை எழுதின பக்கத்தைப் படம் பிடித்துக் கிம்மோவுக்கு அனுப்பினேன். என் கோழிக் கிறுக்கல், மேலே தேதி, 'சாவி பழைய ஆணியில்' என்ற வரிக்குப் பக்கத்தில் நான் போட்ட கேள்விக்குறி. பார்த்தான் என்று காட்டியது. பதில் இல்லை.

மன்றத்துக்கு நான் வந்து சேர மூன்றேகால். ஆர்வோ மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சால்மன் மீன் வைத்த ரொட்டிக் கேக்கை யாரும் வெட்டவில்லை. கப்புகள் வரிசையாக. எழுந்து நின்றார், நான் விருந்தாளி என்று நினைத்து.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அந்தப் பத்து வருஷத்துக்கு முந்தினதா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்தைதான், ஆர்வோ."

டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அப்ப அவன் மூஞ்சில ரெண்டாவது தடவையும் கதவைச் சாத்திட்டேன்."

"நீங்க இல்ல, நான்."

"முதல் தடவை நான்தானே."

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மர்யுத் ஆளுக்கு ஒரு கப் ஊற்றினாள், யாரும் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி கறுத்துப்போய்க் கிடந்தது. நாலு மணிக்கு என் போன் அதிர்ந்தது. கிம்மோவின் எண். ஒரே ஒரு வார்த்தை.

'பயணத்தில்.'

மறைக்கத்தான் பார்த்தேன். ஆர்வோ கையை நீட்டினார். கண்ணாடியைத் தேடி மாட்டிப் படித்தார்.

"சரியாப் போச்சு," என்றார். "நான் குடுத்ததையே எனக்குத் திருப்பிக் குடுத்துட்டான்."

முப்பத்தொரு வருஷம் அந்த வார்த்தையைத் தட்டச்சு செய்தவள் நான். அதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரியும். ஆர்வோ எழுந்தார், பெரிய காபிப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார், தொட்டியில் கவிழ்த்தார். முழுப் பானையும் கடகடவென்று போவது கூடம் வரைக்கும் கேட்டது. மர்யுத் கேக்கை மூட ஆரம்பித்தாள். ஐம்பத்தொன்பது வயசுக்காரி நான், கூடத்தின் நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

போன் மறுபடி அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் சமையலறைக்கு ஓடி, சத்தமாகப் படித்தேன்.

'அப்பா எழுதச் சொன்னது: வண்டியைத் திருப்பிட்டோம். ஆறரைக்கு வந்துடுவோம். காபியைக் கொட்டிடாதே.'

ஆர்வோ தொட்டி முன்னால் காலிப் பானையைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார். கடைசிச் சொட்டு விழுந்தது. பானை தொட்டியில் இடித்துக்கொண்டே இருந்தது.

"நின்னு என்னடி பாக்கற, மூதேவி?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "தண்ணி வை!"