ஒராள் குறைந்த சஹன்

1.
மதிப்பிற்குரிய வாசகருக்கு, இதற்குமுன் கதை எழுதியறியாத நான் துணிந்ததற்கு ஒரு சொற்றொடரே காரணம்: ‘ஒராள் கொறயுது.’ சென்ற ஆண்டு, 1931இல், வத்தேகமையில் பள்ளிவாசலில் நடந்த ஒரு கந்தூரி விருந்தில் அதைக் கேட்டேன்.

2.
மலைகள் சூழ்ந்த வத்தேகமையிலே, கதிரவன் தன் பொற்கரங்களை

[கந்தூரிச் சோற்றைச் சொல்ல வந்தவனுக்குக் கதிரவன் எதற்கு? பொறுத்தருள்க.]

3.
சஹன் என்பது பெருந்தட்டம். ஆறு பேர் சுற்றியமர்ந்து அதில் ஒன்றாக உண்பர். ஆறாமவர் அமர்ந்து கைவைக்கும்வரை மற்றவர் தொடுவதில்லை. எங்கள் சஹனிலோ ஐவரே இருந்தோம்.

“ஹமீது நானா, சோறு ஆறுது, ஆளு அஞ்சுதான்,” என்றார் என்னருகிலிருந்த ஹுஸைன்.

பந்தியைக் கவனித்த சாஹுல் ஹமீது வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார்: “ஒராள் கொறயுது.”

மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து விறகு சுமந்து வந்திருந்த வீரையா ஓடிவந்து, கைகட்டி நின்றார்.

“வந்துட்டேங்க. பேரு வீரையாங்க.”

(தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டின்போது கங்காணி எண்ணிக் கூவுவதும் ‘ஒராள் கொறயுது’ என்பதையேதான். அந்நேரம் நில்லாதவருக்கு அன்று வேலையில்லை.)

“என்னா வேலைங்க?”

“சாப்புடுறதுதான். ஆட்டிறச்சி, பயப்படாதீங்க,” என்ற ஹமீது, கெண்டியைச் சாய்த்து அவர் கைகளுக்குத் தாமே நீர் வார்த்தார்.

4.
வீரையா என்னும் இக்கதைமாந்தரின் தயக்கத்தை நான் ஐயுற்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பசித்தவர் தயங்குவாரா? ஆனால் அமர்ந்த பின் அவர் கேட்டது இதுதான்:

“நான் அள்ளுன தட்டுல நீங்களும் அள்ளுவீங்களா?”

“நீங்க அள்ளாட்டி நாங்க அஞ்சு பேரும் பட்டினி,” என்றார் ஹுஸைன்.

ஏனைய சஹன்கள் காலியாகிக்கொண்டிருந்தன. எங்களதில் மட்டும் நெய்ச்சோற்றின் ஆவி மெல்ல அடங்கியது. ஐவரில் ஒருவரும் அசையவில்லை. பெரஹரா ஊர்வலத்து யானைகளைக் கண்டும் வியவாத நான், மடியில் கிடந்த அந்த ஐந்து கைகளைக் கண்டு வியந்தேன். அவற்றுள் ஒன்று என்னுடையது என்பதை

[இதற்குமேல் எழுத இயலவில்லை.]

5.
முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வீரையா உண்கிறார். மற்றதில் கும்பிட்டு எழுந்து போகிறார். இரண்டையும் அடித்துவிட்டேன். அவர் விரல்கள் சோற்றுக்கு ஒரு சாண் மேலே நிற்கின்றன. என் எழுதுகோலால் அவற்றைத் தள்ளுவது மரியாதையன்று. அந்தக் கை தானாகவே இறங்கவேண்டும். அதுவரை, தயைகூர்ந்து, தாங்களும் எங்களோடு கைவைக்காது பொறுத்திருங்கள்.