ஹில்கேயின் சொல்

காபியோடு ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு டப்பாவை மூடினார் ஹில்கே. ஹீட்டர்மேல் காய்ந்த கையுறைகளை அவர் மனைவி வீட்ஸ்கே எடுத்துக் கொடுத்தாள்.

"பத்து மணிக்குள்ள வந்துடுவேன்."

நெதர்லாந்தின் அந்த ஃப்ரீஸ்லாந்து கிராமத்தில் கால்வாய்ப் பனியை அளப்பது இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. பதினைந்து சென்டிமீட்டர் ஆகாமல் யாரையும் சறுக்க விடமாட்டார். தினமும் துளைபோட்டு அளந்துவிட்டு, சறுக்குச் சங்கத்துப் பலகையில் ஒரே சொல்லை எழுதுவார்: வாக்ட்வெர்க். எந்த டச்சு அகராதியிலும் இல்லை, அவரே கட்டிய சொல். காத்திருப்பதையே ஒரு வேலையாக, கண்ணும் கருத்துமாகச் செய்வது என்று அர்த்தம் சொல்வார்.

முந்தின நாள் சங்கக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் தலைவர் டூர்க் பிடித்துக்கொண்டார். "யோவ், பக்கத்து ஊர்ல சறுக்கத் திறந்தே விட்டாங்க. நீ வேலை பாத்து முடிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும். நாளைக்குப் பாலத்தடியிலயும் அளந்துட்டு ஒரு முடிவச் சொல்லு." கொட்டகையே சிரித்தது. ஹில்கேயும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் கையுறைகளை ஹீட்டர்மேல் காயப்போட்டார்.

பாலத்தடியில் பனி எப்போதும் மெலிசு, நடுவில் உறைவதே இல்லை. ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். பனி உடைந்து உள்ளே போனவரை மத்தியானம்தான் வெளியே எடுக்க முடிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் டூர்க் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"சனிக்கிழமை சறுக்கு ஓட்டம் வச்சிருக்கோம், ஹில்கே நினைவா. பதக்கத்துல அவரோட சொல்லு."

"பாலத்தடியில?"

"கரையில கம்பளம் விரிச்சு நடக்க விட்டுடுவோம். அதெல்லாம் யோசிச்சாச்சு."

"கம்பளம் போன வாரமும் கொட்டகையிலதான கிடந்துச்சு?"

டூர்க் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார்.

"அந்தச் சொல்லு வேண்டாம் டூர்க். அவர் எழுதினப்ப சிரிச்சீங்க. அத அவரோட விட்டுடுங்க."

"அடிச்சாச்சு வீட்ஸ்கே. முந்நூறு."

ஒன்றைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை. அதைச் சுற்றியே மேசையைத் துடைத்தாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். வீட்ஸ்கே பாலத்தின்மேல் நின்றாள். கழுத்தில் பதக்கத்தோடு திரும்பியவர்கள் கரையேறி, சறுக்குக் கத்திகளோடு கம்பளத்தில் தத்தித் தத்தி நடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள். யாரோ ஒருத்தி அவளைப் பார்த்துக் கையசைத்து, பாதியில் கையை இறக்கிக்கொண்டாள். பாலத்தடியில் உறையாமல் கிடந்த கறுப்புத் தண்ணீரில், எல்லாக் குளிர்காலமும் போல, வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.