பாட்டு முடிந்த பிறகு ஒரு கேள்வி

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு நட்சத்திரக்காரர் என்று பெயர். ஜோசியம் பார்க்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்து நாட்டுப்புற இசைத்தட்டுகளையெல்லாம் கேட்டு, மாதாமாதம் விமர்சனம் எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுகிறவர். ஒட்டகக்காரன் பாட்டு, பனிநாட்டுத் தாலாட்டு, எதுவும் அவர் காதுக்குத் தப்பாது. பேசத்தான் ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. கடல் தாண்டிப் போன மகள் நினைத்தால் போன் செய்வாள், அடிக்கடி நினைப்பதில்லை.

அவருக்கு உயிரான இசைத்தட்டு ஒன்று உண்டு. மலைநாட்டுப் பெண் ஒருத்தி தன் வீட்டுக்குள் உட்கார்ந்து பாடியது. யாரோ ஒருவன் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்திருக்கிறான். பாட்டு முடிந்ததும் பின்னால் யாரோ இருமுவார். அவள் சின்னதாக ஏதோ கேட்பாள். அந்த மொழியில் நம்மவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் 'சாப்பிட்டாச்சா?' என்றுதான் கேட்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். குரல் அப்படி. "ஆச்சும்மா" என்று காலி வீட்டில் பதிலும் சொல்வார். சில நாள் அவர் வாய் திறப்பதே அதற்குத்தான்.

இந்த மாதம் அதன் புதுப் பதிப்பு விமர்சனத்துக்கு வந்தது. இரைச்சலெல்லாம் நீக்கிப் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. அவர் காத்திருந்தார். இருமல் இல்லை, கேள்வியும் இல்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அரை நட்சத்திரம் போட்டு, கிழி கிழியென்று கிழித்து எழுதி அனுப்பினார்.

மறுநாள் ஆசிரியர் போனில் வந்தார்.

"என்ன சார், இப்படிக் கழுவி ஊத்திட்டீங்க? மத்த பத்திரிகைல எல்லாம் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க."

"கடைசில அந்தம்மா ஒண்ணு கேக்கும் சார். அதை வெட்டிட்டாங்க."

"என்ன கேக்கும்?"

"சாப்பிட்டாச்சான்னு கேக்கும்."

"உங்களுக்கு அந்த பாஷை தெரியுமா?"

ஆசிரியர் நல்ல மனுஷர், ஆனால் எதையும் விசாரிக்காமல் அச்சேற்ற மாட்டார். புதுப் பதிப்பைத் துடைத்துக் கொடுத்த ஒலிப்பதிவாளரையே கேட்டுவிட்டுச் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார்.

"சார், அந்தம்மா பதிவு பண்ண வந்தவன்கிட்ட கேக்குதாம், 'எப்ப கிளம்புவீங்க'ன்னு. வீட்டுல உடம்புக்கு முடியாதவரு படுத்திருக்காரு, அவருதான் இருமுறது. இவன் நகர்ற வழியக் காணோமாம்."

ஆசிரியர் சிரித்தார். நட்சத்திரக்காரரும் ஒப்புக்குச் சிரித்துவைத்தார். "நட்சத்திரத்தை நீங்களே பாத்துப் போட்டுக்குங்க சார்," என்று போனை வைத்தார்.

இத்தனை வருஷமாக வேளை தெரியாமல் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருந்ததுபோல வெட்கமாக இருந்தது. பழைய இசைத்தட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். பிறகு அதையே எடுத்து மறுபடி சுழலவிட்டார்.

பாட்டு முடிந்தது. இருமல் கேட்டது. அவள் கேட்டாள்.

"போறதுக்கு இடம் இருந்தா போயிருக்க மாட்டேனாம்மா," என்றார் அவர்.