நமக்குள் என்ன கணக்கு

அன்று பிற்பகல் அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: அப்பா, அவருடைய தம்பியான சித்தப்பா, மூத்த மகள், அவள் கணவரான மாப்பிள்ளை, சோபா வேலை செய்யும் இளைய மகனான அவள் தம்பி, அவன் மனைவி. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். வெளியாள் ஒருவரும் இல்லை. குடும்ப விஷயம் குடும்பத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் அப்பா கண்டிப்பானவர். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

தம்பியின் அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அது அப்பாவுக்கு. மாப்பிள்ளைக்குப் பட்டறையிலிருந்து ஒரு முக்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டான் தம்பி. மற்றவர்கள் வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள். சித்தப்பா உட்கார்ந்ததும் அது தரை வரைக்கும் அமுங்கியது.

“ஊருக்கெல்லாம் மெத்தை போட்டுக் குடுக்கறான். சித்தப்பனுக்கு மட்டும் பள்ளம் வெட்டி வச்சிருக்கான்” என்றார் அவர்.

விஷயம் இதுதான். சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில், தோல் தைக்கிற பெரிய மெஷின் நின்றது. அதை ஈடு காட்டித் தம்பி கடன் வாங்கியிருந்தான். மாதக்கணக்கில் வட்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்குள் முதல் வராவிட்டால் மெஷினைத் தூக்கிவிடுவேன் என்று கடன் கொடுத்தவர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அது போனால் துணி உறை தைக்கிற சில்லறை வேலைதான் மிஞ்சும். அதில் வாடகைகூடத் தேறாது.

மாப்பிள்ளை கைகொடுக்க முன்வந்திருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். தேதி தவறாமல் சம்பளம் வாங்குகிறவர். “முழுசையும் நானே தர்றேன். வட்டியெல்லாம் வேண்டாம், மெதுவாத் திருப்பட்டும். ஆனா அதுக்கு முன்னால அவங்க வீட்டுச் செலவை நான் ஒரு தடவை பார்க்கணும்” என்று சொல்லியிருந்தார். செக் சட்டைப் பையில் இருந்தது.

அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து மூத்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கடனுக்குக் காரணம் அவளுடைய வீட்டு ஹாலில்தான் கிடந்தது. தினமும் சாயங்காலம் அதன் மேல்தான் அவள் உட்கார்ந்தாள்.

“மாசம் எவ்வளவு வருது?” என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

“எந்த மாசம்ணா?” என்றாள் தம்பி மனைவி.

“சராசரியா சொல்லும்மா.”

“சராசரியா ஒரு மாசம் எங்களுக்கு வந்ததே இல்லைண்ணா. வந்தா ஒரே சமயத்துல நாலு வீட்டு வேலை வரும், இவருக்குத் தூங்க நேரம் இருக்காது. இல்லைன்னா கத்தரிக்கோலைத் துடைச்சு வச்சுட்டு உக்காந்திருப்பார்.”

“அப்ப எதை வச்சுத்தான் குடும்பம் நடத்தறே?”

“வருஷத்துலயே ரொம்ப மட்டமான மாசம் எதுவோ, அதை வச்சு. அதுதான் எங்க சம்பளம்னு நினைச்சுக்குவேன். மேல வர்றதைத் தொடாம பேங்க்ல போட்டுடுவேன், வேலை இல்லாத மாசத்துக்கு ஆகும்னு. முதல்ல வாடகை, அப்புறம் ஃபீஸ், அப்புறம் மளிகை. கை நிறைய காசு வந்த வாரத்துலயும் அதே காய்தான் வாங்குவேன்.”

மாப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. பேனாவை மூடித் திறந்தார். ஆனால் பார்க்க வந்தவர் பார்க்காமல் போகக் கூடாது அல்லவா?

“ரெண்டு போன் எதுக்கு?”

“ஒண்ணு கஸ்டமருக்கு. அது அடிச்சாத்தான் இங்க அடுப்பு எரியும்.”

“பொண்ணுக்கு நீச்சல் கிளாஸ்னு கேள்விப்பட்டேன்.”

“நிறுத்தியாச்சுண்ணா.”

“பால் ஒரு லிட்டரா?”

“அரை.”

“விடுங்க மாப்பிள்ளை” என்றார் சித்தப்பா. “இதுக்கு மேல குறைக்கணும்னா ஆளைத்தான் குறைக்கணும். என்னை வேணும்னா எழுதிக்குங்க.”

அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

“சிக்கனமாத்தான் இருக்கீங்க. ஒத்துக்கறேன்” என்றார் மாப்பிள்ளை. “அப்ப இவ்வளவு கடன் எப்படி வந்துச்சு? வானத்துல இருந்தா விழுந்துச்சு?”

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். தம்பிக்குப் பட்டறைத் தெருவில் ‘ஆணி’ என்று பெயர். வேலை செய்யும்போது சின்ன ஆணிகளை உதட்டில் கவ்வியிருப்பதால் எதற்கும் தலையாட்டல்தான் பதில். இப்போது வாயில் ஆணி இல்லை. அப்படியும் தலையைத்தான் ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் அதைப் பார்த்தும் சொன்னாள், பெயரை மட்டும் விட்டுவிட்டு.

“ஒரு பெரிய வேலை வந்துச்சு. தோல், மரம், ஃபோம் எல்லாம் எங்க கைக்காசு. பேங்க்ல சேர்த்ததெல்லாம் அதுல போச்சு. பத்தாததுக்கு மெஷின் மேல வாங்கினோம். வேலையை முடிச்சுக் குடுத்தாச்சு. பணம்தான் வரல.”

“யாரு அந்த ஆளு? பேரைச் சொல்லு மச்சான், நானே போய்க் கேக்கறேன். வேலையை வாங்கிட்டுக் காசு குடுக்காத ஆளை சும்மா விடக் கூடாது.”

“விடுங்க அத்தான்” என்றான் தம்பி.

மூத்தவள் கணவரின் முகத்தையே பார்த்தாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

சோபா வந்து இறங்கிய நாள் அவள் கண்ணுக்குள் நின்றது. அவளுடைய மாமனார், மாப்பிள்ளையின் அப்பா, ஆசைப்பட்டுச் சொன்ன சோபா. ஜன்னல் வளைவுக்கு ஏற்ப வளைத்து, ஹாலின் இரண்டு சுவரையும் ஒட்டி, அந்த ஹாலுக்கென்றே அளவெடுத்துச் செய்தது. இழுத்துப் பிடித்த தோலில் ஒரு சுருக்கம் கிடையாது. தம்பி பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். வந்தவர்கள் நாலு பேர் இருக்கும்போதே மாமனார் கேட்டார்: “எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க சம்பந்தி.”

அப்பா சிரித்துக்கொண்டே, “நமக்குள்ள என்ன கணக்கு” என்றார்.

அவள் பிறந்த வீட்டில் இந்த வார்த்தைக்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். பெண் எடுத்த வீட்டார் கேட்டவுடன் தொகையைச் சொல்வது மரியாதை இல்லை. இரண்டாம் தடவை கேட்டால், பார்த்துக்கலாம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்பவர்கள் குரலை உயர்த்தி, இது நல்லா இல்லை என்று கோபித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் பில் பையிலிருந்து வெளியே வரும். அப்பா பிறருக்குக் கொடுக்கும்போதும் இப்படியே மூன்று தடவை வற்புறுத்திக் கையில் திணித்துத்தான் கொடுத்திருக்கிறார். ஒருவர் காசும் அவரிடம் தங்கியதில்லை.

மாமனார் இரண்டாம் தடவை கேட்கவில்லை. “அதுவும் சரிதான்” என்றார். சோபாவை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, வந்தவர்களிடம் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் கேள்விக்காக அப்பா தான் புறப்படும் நேரம் வரைக்கும் காத்திருந்தார். செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். தம்பியின் பில் வந்தபடியே திரும்பிப் போனது. மறுநாள் தம்பி மெல்லப் பேச்செடுத்தபோது, “அக்கா வாழற வீடு. நாம கேட்டோம்னு இருக்கக் கூடாது. அவங்களே தருவாங்க” என்று அப்பா சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இப்போது மாப்பிள்ளை பையிலிருந்து செக்கை எடுத்தார். “சரி, இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு, மச்சான். இனிமே அட்வான்ஸ் வாங்காம ஆணியில கை வைக்காதே. ஏமாளியா இருந்தா இந்த உலகம் ஏறி மிதிக்கும்.”

தம்பி கை நீட்டினான். நீட்டிய விரல்களில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. மூத்தவள் அதைப் பார்த்தாள். தன் உழைப்புக் கூலியைக் கடனாக வாங்கி, நன்றியும் சொல்லி, மாதாமாதம் திருப்பிக் கட்டப் போகிறான்.

“ஏங்க” என்றாள். “அவனை ஏமாத்தினது நாமதான்.”

“என்ன சொல்றே?”

“நம்ம ஹால்ல கிடக்குதே சோபா, அதுக்கு இன்னும் பணம் குடுக்கல. அந்தக் கடன்தான் இது.”

மாப்பிள்ளை நாற்காலியில் இருந்த அப்பா பக்கம் திரும்பினார். “நீங்கதானே மாமா சொன்னீங்க, நமக்குள்ள என்ன கணக்குன்னு? எங்கப்பா கேட்டார். எல்லார் முன்னாலயும் கேட்டார். நீங்க உங்க பிள்ளைக்குக் குடுத்திருப்பீங்கன்னு நாங்க நினைச்சோம்.”

“சொன்னேன்” என்றார் அப்பா. முதுகு நாற்காலியில் படவில்லை. “சொன்னதை மாத்திச் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. நீங்க ஒண்ணும் தர வேண்டியதில்லை.”

“வார்த்தை உங்களுது மாமா” என்றாள் தம்பி மனைவி. குரல் உயரவில்லை. “வட்டி மட்டும் எங்களுதா?”

மருமகள் மாமனாரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டதில் பொய் இல்லை. அப்பா தாழ்ப்பாள் போட்ட கதவைப் பார்த்தபடி இருந்தார்.

மாப்பிள்ளை செக்கை மடித்துப் பையில் வைத்தார். “அன்பாக் குடுத்ததுன்னு எங்கப்பா வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருக்கார். ஓசியில உக்காந்திருக்கோம்னு இன்னைக்குத்தான் தெரியுது. அந்தச் சோபா எங்களுக்கு வேண்டாம்.”

“உக்காருங்க மாப்பிள்ளை, பேசித் தீர்த்துக்கலாம்” என்று எழப் பார்த்தார் சித்தப்பா. அமுங்கிய ஃபோமிலிருந்து சட்டென்று எழ முடியவில்லை. அதற்குள் மாப்பிள்ளை வாசலைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் காலையில் சோபா ஒரு வண்டியில் வந்து பட்டறை முன்னால் இறங்கியது. அக்காள் வீட்டு ஹாலில் வைத்துப் பொருத்திய வளைந்த பாகம் பட்டறைக் கதவில் நுழையவில்லை. நடைபாதையிலேயே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்தான் தம்பி. போகிறவர் வருகிறவர் தூக்கிப் பார்த்து விலை கேட்டார்கள். அளவைச் சொன்னதும் போய்விட்டார்கள். வேறு எந்த ஹாலுக்கும் அது பொருந்தாது. கடைசியில் ஒரு விடுதிக்காரர் தோல் விலைக்கும் குறைவாகக் கேட்டார், மாடிப்படியில் ஏறுகிற மாதிரி இரண்டாக்கித் தர வேண்டும் என்றும் சொன்னார். தான் இழைத்த மரச்சட்டத்தைத் தம்பி தானே ரம்பம் வைத்து அறுத்தான். வந்த பணம் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. முதலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சனிக்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது அவன் ஒரு ஃபர்னிச்சர் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நாள் முழுவதும் ஒரே மாதிரி நாற்காலிக்கு ஒரே மாதிரி இருக்கை அடிப்பது. மாதம் பிறந்தால் சம்பளம். ஒருவழியாக நிலைத்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். பட்டறை இருந்த காலத்தில் ரொம்ப மட்டமான மாதத்தில் கைக்கு என்ன வந்ததோ, அதுதான் அந்தச் சம்பளம்.

அப்பா அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. மருமகள் அப்படிக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு வருவார்? சம்பந்தி வீட்டில் தவணைக்கு ஒரு புது சோபா வந்துவிட்டது. மூத்தவளை அதில் உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. அவள் உட்காருவதில்லை.

ஒருநாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பி வேலையில் இருந்தான். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பட்டறைப் பக்கம், மெஷின் நின்ற இடத்தில், சிமெண்டுத் தரையில் நாலு துளை மட்டும் இருந்தது.

“நான் அன்னைக்குப் பேசாம இருந்திருந்தா அது இங்கதான் நின்னிருக்கும்” என்றாள் மூத்தவள்.

இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தாள்.

“ஆமா அண்ணி” என்றாள் தம்பி மனைவி. கோபம் இல்லை. “தண்ணியைக் குடிங்க.”

மூத்தவள் குடித்தாள். குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள்.

தம்பி ஆள் கூட்டிக்கொண்டு போய் அக்காள் வீட்டுச் சோபாவைத் தூக்கிவந்துவிட்டான் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அவன் தூக்கிவரவில்லை. அவர்களே அனுப்பினார்கள். வண்டி வாடகையைத் தம்பி கொடுத்தான்.