அரை லிட்டர் மீதி

நிஷா போட்ட சட்டம் இதுதான். கடற்கரைச் சாலையிலிருந்து காலாப்பட்டு வரை முதுகுப் பையோடு மணலிலேயே நடக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். போய்ச் சேரும்போது அரை லிட்டராவது மீதி இல்லையென்றால் கல்வராயன் மலைப் பயணம் கிடையாது. வழியில் வாங்கினாலும் கிடையாது.

"மலையில யாருடி உனக்குக் கடை வச்சிருக்கா?" என்றாள். மூலக்குளத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. ஆறு மலை ஏறியவள். நானோ நாற்பத்திரண்டு வயதில் ஒரு மலைகூட ஏறாதவள். அந்த மலைப் பயணத்துக்காக ஆபீசில் சண்டை போட்டு லீவு வாங்கியிருந்தேன்.

தண்ணீர் குடிக்கவும் ஒருத்தி சட்டம் போட வேண்டுமா என்று எரிச்சல் எனக்கு. எங்கள் வீட்டில் பாட்டிலில் வாய் வைத்தால் அம்மா அதைத் தேய்த்துக் கழுவ வைப்பாள். அந்தப் பழக்கத்தில் நடந்துகொண்டே அண்ணாந்து ஊற்றினேன். கடற்காற்றில் பாதி வாய்க்கு, பாதி கழுத்துக்கு. குளுகுளுவென்று நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்குப் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு இல்லை.

இன்னும் நாலு கிலோமீட்டர். கண் இருட்டிக்கொண்டு வர, மணலில் உட்கார்ந்துவிட்டேன். தோப்புக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடை தெரிந்தது.

"கடைக்குப் போறேன் நிஷா. மலை எனக்கு வாணாம்." அழுகை வந்துவிட்டது.

அவள் பாட்டிலில் முக்கால் லிட்டர் இருந்தது. திறந்து நீட்டினாள். நான் தலையை அண்ணாந்தேன்.

"சிந்தாத. வாய் வச்சே குடி."

"எச்சிலாயிடும்டி."

"ஆவட்டும்."

குடித்தேன். நிறுத்த முடியவில்லை. மிச்சமிருந்த இரண்டு மடக்கை அவள் குடித்தாள், பாட்டில் வாயைத் துடைக்கக்கூட இல்லை.

காலாப்பட்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும், "நான் ஃபெயிலு, ஒத்துக்கறேன்," என்றேன்.

"நானுந்தான்." தன் காலிப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். "அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் மறுபடி நடக்கறோம்."

இப்படி ஒருத்தி அடுத்த வீட்டில் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பஸ்ஸில் அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். போடி என்றாள்.

அடுத்த ஞாயிறு ஒவ்வொரு முறையும் நின்று, வாய் வைத்து, மடக்கு மடக்காகக் குடித்தேன். காலாப்பட்டில் என் பாட்டிலில் அரை லிட்டருக்கு மேலேயே இருந்தது. அதை அப்படியே நிஷாவிடம் நீட்டினேன்.

"மொதல்ல நீ குடி," என்றாள்.