செம்மல் கட்டிய காப்பு

விடியுமுன்பே டிரில்லர் இரையும். கல்தூள் தொண்டைவரை இறங்கும். துப்பினால் எச்சில் வெள்ளையாய் விழும். அன்னவாசல் பக்கத்துக் குவாரியில் அப்படியொரு விடியலில்தான் பாறை சரிந்து வெள்ளைச்சாமியின் இடது காலை நசுக்கியது.

"அவன் என் ஆளே இல்லை. ஆடு மேய்க்க வந்தவன்" என்று போலீசில் எழுதிக் கொடுத்தார் முதலாளி அருண்குமார். பதினோரு வருசம் கல் உடைத்தவன் ஒரே வரியில் ஆட்டுக்காரன் ஆனான்.

பத்தாம் நாள் காலை, அம்மன் கோயில் காப்புக்கட்டு. 'ஆன்மீகச் செம்மலே வருக' என்று தன்னைத் தானே வரவேற்றுப் பேனர் வைத்துவிட்டு, செண்ட் மணக்க வந்து இறங்கினார் அருண்குமார். ஆஸ்பத்திரியில் சீழ் நாற்றத்தோடு இரவெல்லாம் உட்கார்ந்துவிட்டு வந்த நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம். முதல் காப்பு அவருக்குத்தான். போட்டோ சரியாக விழவில்லையென்று பூசாரி ஆண்டியப்பன் அதை மூன்று தடவை கட்ட வேண்டியிருந்தது.

வழக்கமாக நாலைந்து பேர்தான் கட்டுவார்கள். கட்டியவர்கள், ஊர் கூடி அவிழ்க்கும்வரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. இந்த வருசம் வெள்ளைச்சாமியின் மனைவி சின்னப்பிள்ளை கையை நீட்டினாள். அவள் பின்னால் ஊரே நீட்டியது.

குவாரி, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்.

"சாமி கும்பிட்டாச்சுல்ல, வேலைக்குக் கெளம்புங்கடா" என்றார் செம்மல்.

"காப்புக் கட்டியிருக்கோமுங்க, எப்படி எல்லை தாண்டுறது?" என்றாள் சின்னப்பிள்ளை.

"எத்தனை நாளைக்கு?"

"எட்டு நாள் வழக்கம். ஆனா ஊரு முழுசும் நின்னுதான் அவுக்கணும். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடக்காரு. ஒங்க ஆளுதான்னு எழுதிக் கொடுங்க. வைத்தியம் நடக்கட்டும், அவரு வந்து நிக்கட்டும், அவுத்துருவோம்."

"மெரட்டுறியா? நான் போறேன்."

"நீங்களுந்தான் கட்டியிருக்கீங்க" என்றார் பூசாரி, மெதுவாக.

கூட்டம் சிரித்தது. பத்து நாளில் முதல் சிரிப்பு.

செம்மல் காப்பைப் பிய்த்து மண்ணில் எறிந்தார். ஆன்மீகம் அந்த நூல் கனம்தான் இருந்திருக்கிறது. பிறகு, கழுத்தில் ஜெபமாலையோடு ஓரமாய் நின்ற, பக்கத்து ஆவூரிலிருந்து குவாரி வேலைக்கு வரும் டிரில்லர்காரர் ஞானமணியைப் பார்த்தார்.

"நீ வேதக்காரன், ஒனக்கு இந்தக் காப்பெல்லாம் கெடையாதுல்ல? ஒங்க ஆவூர் ஆளுகளக் கூட்டிக்கிட்டு ஏறு லாரியில."

ஞானமணி குனிந்து, மண்ணில் கிடந்த கயிற்றை எடுத்தார். "பூசாரி, இத எனக்குக் கட்டிவிடுங்க."

"அதக் கீழ போடுண்ணே, நாறுது" என்றாள் சின்னப்பிள்ளை.

ஆண்டியப்பன் புதுக் கயிறு ஒன்றை மஞ்சளில் நனைத்தார். ஞானமணிக்குப் பின்னால் ஆவூர்க் கைகள் இன்னும் ஏழு நீண்டிருந்தன.